கயிற்றுக்கு என்ன வேலை என்று கேளுங்கள்: வீட்டிலேயே மரப் பாய்க்கப்பல் மாடல் கட்டுவது எப்படி

முதல் மாடலாகவே மூன்று பாய்மரமும் 74 பீரங்கியும் உள்ள போர்க்கப்பலை எடுத்துவிடாதீர்கள். படத்தைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் அந்த மாதிரிக் கப்பலில் நூற்றுக்கணக்கான கயிறுகள் ஓடும். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத்தில் இன்றைக்கும் நிற்கிற விக்டரி கப்பலுக்கு மட்டும் சுமார் 42 கிலோமீட்டர் கயிறு என்று கணக்கு சொல்கிறார்கள். அதில் ஒவ்வொன்றும் எதையோ இழுக்கிறது, தூக்குகிறது, இல்லையென்றால் சாயாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது என்ன வேலை என்று தெரியாமல் படத்தைப் பார்த்தே நூல் கட்டிக்கொண்டு போனால் எந்த நூல் எங்கே போகிறது என்று தலை சுற்றும், மாடல் பாதியில் பரணுக்குப் போய்விடும். ஐந்தே கயிறு உள்ள ஒரு படகில் ஆரம்பித்தால் அந்த ஐந்தின் வேலையும் கைக்குப் பழகிவிடும், அப்புறம் பெரிய கப்பலில் இருப்பதெல்லாம் அதே வேலைகள்தான், எண்ணிக்கைதான் கூடுதல்.

நான் இருப்பது கடலூர் முதுநகரில். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு, முதல் வாரம் எதையும் வாங்காமல் துறைமுகத்துப் பக்கம் போய்க் கரையேற்றி வைத்திருக்கிற மரப்படகு ஒன்றைச் சுற்றி வந்து பார்க்கலாம். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், அடியில் நீளமாக ஓடுகிற முதுகெலும்பு ஏரா, அதிலிருந்து விலா எலும்பு மாதிரி இரண்டு பக்கமும் எழும்புவது வங்கு, பாயைத் தாங்குகிற குறுக்குக் கழி பருமல், கயிறு ஓடுகிற உருளை கப்பி. இந்த வார்த்தைகள் நம்மிடமே இருக்கின்றன, மாடல் கட்டும்போது இவற்றையே சொல்லிப் பழகுங்கள், பாகம் மறக்காது.

முதல் படகுக்கு நான் சொல்வது ஒற்றைப் பாய்மரமும் சாய்ந்த பருமலும் முக்கோணப் பாயும் உள்ள ஒரு சிறிய படகு. வரைபடம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். எட்மோன் பாரீஸ் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1830களில் போன துறைமுகம் எல்லாவற்றிலும் அந்தந்த ஊர்ப் படகுகளை அளந்து வரைந்து வைத்தார், நம் கரைப் படகுகளும் அதில் இருக்கின்றன, அந்த வரைபடங்களை இணையத்தில் தேடி எடுக்கலாம். வரைபடம் கிடைத்ததும் அளவு விகிதத்தை முடிவு செய்யுங்கள். 9 மீட்டர் படகை 1:24 விகிதத்தில் கட்டினால் 37.5 சென்டிமீட்டர் வரும், மேசைக்கும் பொருந்தும், முடிச்சும் கண்ணுக்குத் தெரியும். பெரிய கப்பல்களை 1:48, 1:64, 1:96 என்று கட்டுகிறார்கள். முதல் முறையிலேயே 1:96க்குப் போனால் கப்பி எல்லாம் கடுகளவுக்கு வந்துவிடும், வேண்டாம்.

மரம் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் தப்பான பக்கம் போகிறார்கள். கப்பல் என்றதும் தேக்கு நினைவுக்கு வரும். நிஜக் கப்பலுக்குத் தேக்கு மாதிரி மரம் கிடையாது, 1817இல் பம்பாயில் தேக்கில் கட்டிய டிரிங்கமலி கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆனால் மாடலில் தேக்கின் ரேகை ரொம்பப் பெரியது. 5 மில்லிமீட்டர் அகலப் பலகையில் அந்த ரேகை ஓடினால் பார்ப்பவர் கண்ணுக்கு அது மரத்துண்டாகவே தெரியும், கப்பல் பலகையாகத் தெரியாது. ரேகை நெருக்கமாக உள்ள மரம் வேண்டும். மஞ்சள் கடம்பு நல்லது, வெட்பாலை இன்னும் நல்லது. வெட்பாலைதான் கர்நாடகத்தில் சன்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடைகிற மரம், தந்தம் மாதிரி வெளுப்பு, கத்திக்கு வெண்ணெய் போல வழிவிடும். பலா கொஞ்சம் முரடு, ஆனால் நாளாக ஆக மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கு வருகிற அழகு வேறு எதற்கும் இல்லை. 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் சாய்த்த பலா மரங்களில் ஒன்றிலிருந்து வந்த துண்டு என்னிடம் உண்டு, என் படகுகளின் பீடம் எல்லாம் அந்த ஒரே துண்டிலிருந்து அறுத்தது. உள்ளே இருக்கிற சட்டத்துக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டர் பிளைவுட் போதும், வெளியே தெரியாது.

கருவிகளுக்காகப் பெரிய கடை தேட வேண்டாம். மருந்துக் கடையில் 3ஆம் நம்பர் அறுவைக் கத்திப் பிடியும் 11ஆம் நம்பர் பிளேடும் கிடைக்கும், இதைவிடக் கூரான கத்தியை நான் இதுவரை பயன்படுத்தியதில்லை. துணி கிளிப் இரண்டு டஜன், ஊசி போடுகிற சிரிஞ்ச் ஒன்று, இடுக்கி இரண்டு, 0.5 முதல் 1 மில்லிமீட்டர் வரை துளை போடும் பிட்டுகள், அதைக் கையால் சுற்றுவதற்கு ஒரு பிடி, 120, 220, 400 நம்பர் உப்புத்தாள். புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை போடுகிற சந்தையில் பழைய அரம், சின்ன ரம்பம் எல்லாம் மலிவாக வாங்கியிருக்கிறேன்.

சட்டம் போடுவது நேரான வேலை. ஏராவை வெட்டி, அதில் வங்குகளின் வடிவத்தில் வெட்டிய தடுப்புப் பலகைகளைச் செருகி, எல்லாம் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்து ஒட்டுங்கள். ஒட்டியதும் ஒரு நீளமான மெல்லிய குச்சியைத் தடுப்புகளின் மேல் வளைத்து வைத்துப் பாருங்கள். குச்சி எல்லாத் தடுப்பையும் தொட வேண்டும், எங்கேயும் துருத்தக் கூடாது. அணியத்திலும் அமரத்திலும் தடுப்பின் ஓரத்தைச் சாய்வாகச் சீவினால்தான் பலகை படியும். இந்தச் சீவலில் அவசரப்படாதீர்கள், ஒரு மாலை முழுக்கச் செலவழித்தாலும் பரவாயில்லை.

அடுத்தது பலகை அடிப்பது. பலகைகள் ஏன் அணியத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகின்றன என்று நான் ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். கடைசியில் ஆற்றங்கரையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு படகு ஆசாரியிடமே கேட்டேன், "அண்ணே, இந்தப் பலகைய ஏன் முன்னால வரவரக் குறுக்கிக்கிட்டே போறீங்க?" அவர் உளியை நிறுத்தாமலே சொன்னார், "எல்லாப் பலகையும் அங்கதானே வந்து ஒக்காரணும் தம்பி, எடம் எங்க இருக்கு?" அதுதான் விஷயம். படகின் நடுவில் சுற்றளவு பெரியது, முனையில் சிறியது, பலகை எண்ணிக்கையோ ஒன்றேதான்.

கணக்கு இப்படிப் போடுங்கள். நடுத் தடுப்பில் மேல் விளிம்பிலிருந்து ஏரா வரை ஒரு தாள் துண்டை ஒட்டினாற்போல வைத்து அளந்தால் 100 மில்லிமீட்டர் என்று வையுங்கள். பலகை 5 மில்லிமீட்டர் அகலம் என்றால் பக்கத்துக்கு 20 பலகை. அதே மாதிரி அணியத்தில் அளந்தால் 60 மில்லிமீட்டர்தான் இருக்கிறது, அதை 20ஆல் வகுத்தால் 3 மில்லிமீட்டர். ஆக ஒவ்வொரு பலகையும் நடுவில் 5 ஆக இருந்து முனையில் 3க்குக் குறுக வேண்டும். பாதிக்கும் கீழே, அதாவது இரண்டரைக்கும் கீழே குறுக்க வேண்டி வந்தால் பலகை பிளக்கும், அப்போது ஒரு பலகையை நடுவழியிலேயே நிறுத்தி, பக்கத்துப் பலகையில் ஒரு வெட்டு கொடுத்து இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு போக வேண்டும். அமரத்துப் பக்கம் இதற்கு நேர்மாறு, அங்கே 110 மில்லிமீட்டர் இருந்தால் பலகை போதாமல் இடைவெளி விழும், அதை ஆப்பு வடிவத் துண்டுகளால் நிரப்ப வேண்டும். பலகையை முறுக்கி இழுத்து அந்த இடைவெளியை மூடப் பார்க்காதீர்கள், நாலு நாளில் பிய்த்துக்கொண்டு வரும்.

வளைப்பதற்குப் பத்து நிமிஷம் சுடுதண்ணீரில் ஊறவைத்து, தலைமுடியை நீட்டிவிடுகிற மின்சார இடுக்கி இருக்கிறதே, அதில் பிடித்து மெதுவாக வளைத்தால் பலகை சொன்ன பேச்சைக் கேட்கும். மாற்றி மாற்றி இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று அடியுங்கள், ஒரே பக்கம் அடித்துக்கொண்டு போனால் ஏராவே வாழைப்பழமாக வளைந்துவிடும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே போதும். உடனே பிடிக்கிற பசை அவசரத்துக்கு உதவும், ஆனால் அது பட்ட இடத்தில் கறை விழும், பிறகு வார்னிஷும் அங்கே ஏறாது.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் காற்று முழுக்க ஈரம், மரம் அதைக் குடித்து ஊதும். அந்த நேரத்தில் அடித்த பலகை பங்குனி வெயிலில் சுருங்கி, மூட்டு மூட்டாக வாய் பிளக்கும். அதனால் வாங்கிய மரத்தை ஒரு மாதமாவது நீங்கள் வேலை செய்கிற அறையிலேயே போட்டுவையுங்கள், பலகை வேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கப்பி செய்யலாம், கயிறு முறுக்கலாம், வேலைக்கா பஞ்சம்.

தளத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை. நிஜக் கப்பலில் பலகைகளுக்கு நடுவே நாரை அடைத்துத் தார் மாதிரியான கீலை ஊற்றுவார்கள், அந்தக் கறுப்புக் கோடு மாடலில் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு பலகையின் ஒரு ஓரத்திலும் 4பி பென்சிலைத் தேய்த்துவிட்டு ஒட்டினால் போதும். பேனா மை வேண்டாம், ஊறிப் பரவும்.

பாய்மரத்துக்கு உருண்டைக் குச்சி வாங்கி அப்படியே நட்டுவிடாதீர்கள், பாய்மரம் மேலே போகப் போக மெலியும். சதுரக் கட்டையிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு பக்கத்தை 7, 10, 7 என்ற விகிதத்தில் பிரித்துக் கோடு போட்டு மூலைகளைச் சீவினால் சரியான எட்டுமுகம் வரும், 10 மில்லிமீட்டர் கட்டை என்றால் ஒவ்வொரு மூலையிலிருந்தும் சுமார் 2.9 மில்லிமீட்டரில் கோடு. எட்டை உப்புத்தாளால் உருட்டினால் வட்டம். பருமலுக்கு மூங்கில் சீவிக்கொள்ளலாம், இலேசாக வளையும், உடையாது.

சரி, கயிறு. இந்த வேலையில் எனக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது.

உங்கள் சிறிய படகில் என்னென்ன கயிறு இருக்கிறது என்று பாருங்கள். பருமலைத் தூக்குகிற ஏற்றுகயிறு ஒன்று, அது பாய்மர உச்சியில் உள்ள கப்பி வழியாகப் போய்க் கீழே கட்டப்படும். பாயின் பின்மூலையைப் பிடித்திருக்கிற தாமான் ஒன்று, காற்றுக்குத் தகுந்தபடி பாயை இழுப்பதும் விடுவதும் அதனால்தான். பருமலின் கீழ்முனையை அணியத்தோடு பிடிக்க ஒன்று. பாய்மரம் சாயாமலிருக்கக் காற்று வருகிற பக்கத்தில் இரண்டு. அவ்வளவுதான். ஒவ்வொரு கயிற்றையும் கட்டும் முன் விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள், இழுத்தால் எது நகர்கிறது என்று பாருங்கள். எதுவும் நகரவில்லை, எதையும் தாங்கவும் இல்லை என்றால் அது தப்பான இடத்தில் இருக்கிறது.

பெரிய கப்பலிலும் இந்த இரண்டு வகைதான். ஒரே இடத்தில் நின்று பாய்மரத்தைத் தாங்குகிற நிலைக்கயிறுகள், அவற்றுக்குத் தார் பூசுவார்கள், அதனால் கறுத்த பழுப்பு நிறம். இழுத்து விடுகிற ஓட்டக்கயிறுகள், அவை சணல் நிறத்திலேயே இருக்கும். நிறத்தை மாற்றிக் கட்டினால் விஷயம் தெரிந்தவர் பார்த்த நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். தடிமனுக்கும் ஒரு கணக்கு உண்டு. நடுப் பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கிற பெரிய கயிறு அந்தப் பாய்மரத்தின் விட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மாடலில் பாய்மரம் 10 மில்லிமீட்டர் என்றால் அந்தக் கயிறு 1.6 மில்லிமீட்டர். பாய்மரத்தை இரண்டு பக்கமும் சாயாமல் பிடிக்கிற பக்கக்கயிறுகள் அதைவிட மெலிசு, 1 மில்லிமீட்டர் போதும். எல்லாவற்றுக்கும் ஒரே நூலைப் பயன்படுத்தினால் கப்பல் பொம்மை மாதிரித் தெரியும்.

நூல் விஷயத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று பாய்மரம் உள்ள என் முதல் கப்பலுக்குப் பருத்தி நூல் போட்டேன், தேன்மெழுகும் தடவினேன், அப்போது பார்க்க நன்றாகவே இருந்தது. மே மாதம் கயிறுகளை நன்றாக இறுக்கிக் கட்டி முடித்தேன். நவம்பரில் ஒரு வாரம் விடாமல் மழை, பருத்தி ஈரம் குடித்துச் சுருங்கியது, ஒருநாள் காலை பார்த்தால் முன்பாய்மரம் வில்லாக வளைந்திருக்கிறது, அதன் உச்சியில் இருந்த தட்டு விரிசல் விட்டிருக்கிறது. எட்டு மாத வேலை. அதற்கப்புறம் பாலியஸ்டர் நூலைத் தவிர எதையும் தொடுவதில்லை, பளபளப்பு இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். வலை பின்னுகிற நைலான் நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அது மின்னும், முடிச்சு நிற்காமல் நழுவும். தடித்த கயிறு வேண்டுமென்றால் மூன்று இழைகளைத் தனித்தனியாக ஒரு பக்கம் முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குங்கள். முறுக்கும்போது நீளம் நாலில் ஒரு பங்கு குறையும், அதற்குத் தகுந்தபடி நூலைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுகிற வரிசை கீழிருந்து மேல், உள்ளிருந்து வெளியே. முதலில் பக்கக்கயிறுகள். இவை ஜோடியாக வரும், ஒரே கயிறு பாய்மரத் தலையைச் சுற்றி இரண்டு காலாகக் கீழே இறங்கும். வலப்பக்கம் முன் ஜோடி, பிறகு இடப்பக்கம் முன் ஜோடி, மறுபடி வலம், மறுபடி இடம். இந்த வரிசையில்தான் பாய்மரத் தலையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்காரும். முன்பக்கம் இழுக்கிற பெரிய கயிறு இவற்றுக்கெல்லாம் மேலே கடைசியாக வரும். ஒவ்வொரு காலின் அடியிலும் மூன்று துளை உள்ள வட்டக்கட்டை ஒன்று, அதற்கு நேர்க் கீழே கப்பலின் பக்கத்தில் இன்னொன்று, இரண்டையும் மெல்லிய கயிறு கோத்து இறுக்குவார்கள். மேல் கட்டைகள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்பதற்கு ஒரு கம்பித் துண்டை இரண்டு கொக்கியாக வளைத்து, கீழ்க் கட்டைக்கும் மேல் கட்டைக்கும் நடுவே வைத்துக்கொண்டு அளவு எடுங்கள், கண்ணளவில் வராது.

அப்புறம் ஏணிக்கயிறு. மாலுமிகள் பாய்மரத்தில் ஏறுகிற படி, 13 முதல் 15 அங்குலத்துக்கு ஒன்று, 1:64இல் அது ஐந்து முதல் ஆறு மில்லிமீட்டர் வரும். ஒரு பெரிய கப்பலில் ஆயிரம் முடிச்சுக்கு மேல் இதற்கே போகும். எங்கள் வீட்டில் அம்மா சாயங்காலம் மல்லிகை கட்டுவார், நாரை விரலில் மடித்து ஒரு வளையம், காம்பில் மாட்டி ஒரு இழு, அவ்வளவுதான், பார்க்கக்கூட மாட்டார், விரல் தானாகச் செய்யும். ஏணிக்கயிற்று முடிச்சும் கிட்டத்தட்ட அதேதான், பூக்கட்டும் வளையத்தை இரண்டு முறை அடுத்தடுத்து மாட்டினால் பக்கக்கயிற்றின் மேல் ஒரு சாய்ந்த கோடும் அதற்கடியில் இரண்டு சுற்றும் வரும். நான் பக்கக்கயிற்றில் இடுக்கியோடு போராடிக்கொண்டிருந்ததைப் பார்த்து அம்மாதான், "இடுக்கிய கீழ வச்சிட்டு விரல்ல மடிடா" என்றார். அன்றிலிருந்து விரல்தான், இடுக்கி நுனியைப் பிடிக்க மட்டும்.

இரண்டு எச்சரிக்கை. முடிச்சைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் பக்கக்கயிறுகள் உள்ளே குழிந்து உடுக்கை மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு படிக்கும் மிகச் சிறிய தொய்வு விடுங்கள். கீழிருந்து வரிசையாகவும் கட்ட வேண்டாம், ஆறு படிக்கு ஒன்றாக முதலில் கட்டி உருவத்தை நிறுத்திக்கொண்டு, பிறகு நடுவில் உள்ளதை நிரப்புங்கள். பின்னால் கோடு போட்ட வெள்ளை அட்டை ஒன்றைச் சொருகி வைத்தால் இடைவெளி பிசகாது. முடிச்சு விழுந்ததும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு சொட்டு.

பருமலில் வர வேண்டிய கப்பிகள் எல்லாவற்றையும் அதை மரத்தில் மாட்டும் முன்பே மேசையில் வைத்துக் கட்டிவிடுங்கள், மாட்டிய பிறகு கை நுழையாது. ஓட்டக்கயிறுகளைக் கீழே ஆணியில் சுற்றிக் கட்டிய பிறகு மிச்சக் கயிற்றுச் சுருள் ஒன்று தொங்க வேண்டும், அதைத் தனியே இரண்டு குண்டூசியில் சுற்றிப் பசைத் தண்ணீர் தடவிக் காயவைத்து மாட்டுங்கள். சுருளின் அடிப்பகுதி கனத்தில் இறங்கியிருப்பது போல நீள்வட்டமாக இருக்க வேண்டும், வளையல் மாதிரி உருண்டையாக நின்றால் அதற்குக் கனமே இல்லாதது போல் இருக்கும்.

பாய்க்கு அப்பாவின் பழைய மல் வேட்டியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்தேன், நல்ல நிறம். தையல் மெஷின் போடாதீர்கள், அந்த விகிதத்தில் தையல் ஒவ்வொன்றும் வடக்கயிறு மாதிரித் தெரியும், மூட்டுக்கோட்டைப் பென்சிலால் போடலாம். பாய் வைத்தால் காற்று எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தென்றலா வாடையா, அதற்குத் தகுந்தபடி பருமல் திரும்பியிருக்க வேண்டும், தாமான் இறுகியிருக்க வேண்டும், கொடியும் பாய் உப்புகிற அதே திசையில் பறக்க வேண்டும். பாய்க்கப்பல் காற்றால் போகிறது, பைக்கில் கட்டிய கொடி மாதிரி அதன் கொடி பின்பக்கம் பறக்காது. விலை கொடுத்து வாங்கிய அலங்கார மாடல்களிலேயே இந்தத் தப்பைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் படகு முடிந்து, கை பழகி, பெரியதற்குப் போகும்போது நம் கடலிலேயே தேடுங்கள். 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சூஃப்ரேனின் 15 கப்பல்களும் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களும் மோதின. அதில் ஆங்கிலக் கப்பல்களின் அடிப்பாகம் செப்புத் தகடு போர்த்தியது, பிரெஞ்சு அணியில் சில கப்பல்களுக்கு மட்டுமே அது இருந்தது. எந்தக் கப்பலைக் கட்டுகிறீர்களோ அதற்குச் செம்பு உண்டா என்று முதலில் பார்த்துவிட்டுத் தகடு வெட்ட ஆரம்பியுங்கள். புதுச்சேரிக்கு வந்த கப்பலைக் கட்டினால் பக்கத்தில் ஒரு சலங்கும் வையுங்கள். அந்தக் காலத்தில் அங்கே கப்பல் ஒதுங்கத் துறை கிடையாது, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் சரக்கும் அலையைத் தாண்டி வந்தது சலங்கில்தான், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு முழுக்க அந்தப் போக்குவரத்துதான். சலங்குக்கு வங்கு கிடையாது, ஆணி கிடையாது, பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். 1:64இல் அந்தத் தையலைப் போட்டுப் பாருங்கள், விரலுக்கு அது தனிப் படிப்பு.

முடிந்ததும் கண்ணாடிப் பெட்டி கட்டாயம். கடல் காற்றில் பித்தளை ஆறே மாதத்தில் கறுக்கும், தூசி ஏணிக்கயிற்றில் உட்கார்ந்தால் எடுக்க வழியே இல்லை. ஆனால் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைக்காதீர்கள், மரத்திலிருந்தும் பசையிலிருந்தும் வருகிற ஆவி உள்ளேயே தங்கினால் ஈயத்தில் வார்த்த பாகங்கள் வெள்ளையாகப் பூத்து உதிரும். அடிப்பலகையில் இரண்டு மூலைகளில் விரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, கரப்பான் ஏறாமல் கொசுவலை ஒட்டிவிடுங்கள்.